சிறைவாசலில் பூங்கொத்து: கொலைகாரர்கள் ‘தியாகிகள்’ ஆக்கப்பட்ட வரலாறு

1951ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் தென்பகுதியில், லெக் ஆற்றங்கரையில் இருக்கும் லாண்ட்ஸ்பெர்க் என்ற சிறிய நகரின் சதுக்கத்தில் மூவாயிரம், நாலாயிரம் பேர் திரண்டு நின்றார்கள். நகரின் மக்கள்தொகையில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. போர் முடிந்து 6 ஆண்டுகூட ஆகவில்லை. வீடில்லாதவர்களும் வேலையில்லாதவர்களும் நிறைந்திருந்த காலம் அது. ஆனால் அன்று அவர்கள் வேலை கேட்டுக் கூடவில்லை, வீடு கேட்டும் கூடவில்லை. அங்கே அமெரிக்க ராணுவத்தின் பொறுப்பில் இருந்த சிறையில், தூக்குமேடையை எதிர்பார்த்திருந்த சில மனிதர்களைக் காப்பாற்றவே கூடினார்கள்.

யார் அந்த மனிதர்கள்?

ஒருவர் ஓட்டோ ஓலண்டார்ஃப். தன் தலைமையில் இயங்கிய படைப்பிரிவு ஓராண்டில் ஏறத்தாழ 90,000 பேரைக் கொன்றது என்று 1946 ஜனவரியில் நூரம்பெர்க் நீதிமன்றத்தில் தாமே சொன்னவர். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், கணக்கர் ஒருவர் வரவு செலவை ஒப்பிப்பதுபோல் சொன்னார். இன்னொருவர் பால் புளோபெல். கீவ் நகரின் எல்லையில் உள்ள பாபி யார் பள்ளத்தாக்கில், 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் 33,771 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் படுகொலையில் ஈடுபட்ட பிரிவுக்குத் தலைவர் அவர். மூன்றாமவர் ஓஸ்வால்ட் போல். வதை முகாம்களின் நிர்வாகம், கைதிகளின் உழைப்பு, மாண்டவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட உடைமைகள் ஆகிய எல்லாவற்றையும் கவனித்த அலுவலகம் அவர் கையில் இருந்தது.

அன்று மேடையில் பேசியவர்கள் தெருச்சண்டைக்காரர்கள் அல்லர். நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருந்தார்கள். மனிதநேயம், கருணை, கிறிஸ்தவ இரக்கம் என்றெல்லாம் பேசினார்கள். அதே சதுக்கத்துக்கு முகாம்களில் உயிர் தப்பிய யூதர்கள் சில நூறு பேரும் எதிர்ப்புத் தெரிவிக்க வந்தார்கள். லாண்ட்ஸ்பெர்க் வட்டாரத்திலேயே, காவ்ஃபெரிங் என்ற இடத்தைச் சுற்றி, டாக்காவ் முகாமின் கிளைகளில் பல்லாயிரம் யூதர்கள் அடைபட்டிருந்தனர். அந்த மண்ணில் புதைந்து கிடப்பவர்களின் உறவினர்களே அன்று வந்தவர்களில் பலர். கருணை பேசிய கூட்டத்திலிருந்து அவர்களை நோக்கி எழுந்த முழக்கம், “யூதர்களே, வெளியேறுங்கள்!”

இது ஏதோ ஒரு நாளில் முளைத்த உணர்ச்சி அல்ல. சிறையில் இருக்கும் கொலைகாரரைச் சுற்றி ஆதரவு திரட்டும் கலையை ஜெர்மனியின் தீவிர வலதுசாரிகள் அதற்கு முன்பே முப்பது ஆண்டுகளாகப் பழகியிருந்தார்கள். அதில் பாதிக் கதை இதே லாண்ட்ஸ்பெர்க் சிறையில்தான் நடந்தது.

ஒரே சிறை, ஒரே நீதிபதி

1919 பிப்ரவரி 21. பவேரியா மாநிலத்தின் பிரதமர் குர்ட் ஐஸ்னர், தேர்தலில் தோற்றுப் பதவி விலகல் கடிதத்தோடு நாடாளுமன்றத்துக்கு மியூனிக் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த ஓர் இளைஞர் அவரைச் சுட்டுக் கொன்றார். சுட்டவர் பிரபுக் குடும்பத்தில் பிறந்த ஆன்டன் ஆர்கோ என்ற மாணவர். 1920 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. விதித்த நீதிபதி கியோர்க் நைத்ஹார்ட், குற்றவாளியின் நோக்கம் இழிவானது அல்ல, தாய்நாட்டின் மீதுள்ள பற்றிலிருந்து பிறந்தது என்று தீர்ப்பிலேயே பாராட்டு வைத்தார். மியூனிக் பல்கலைக்கழக மாணவர்கள் ஆர்கோவுக்காகக் கொந்தளித்தார்கள். மறுநாளே மரண தண்டனை ஆயுள் தண்டனையானது. அதுவும் சாதாரணச் சிறை அல்ல. ‘கோட்டைக் காவல்’ என்று ஒரு முறை அப்போது இருந்தது. கடின உழைப்பு கிடையாது, சிறை உடை கிடையாது, பார்வையாளர்களுக்குத் தாராள அனுமதி உண்டு. மானமுள்ள குற்றவாளிகளுக்கான தண்டனை என்று அதற்குப் பெயர்.

1923 நவம்பரில் லாண்ட்ஸ்பெர்க்கில் ஆர்கோ இருந்த அறையைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. புதிதாக ஒரு கைதி வந்திருந்தார். பெயர் அடோல்ஃப் ஹிட்லர்.

நவம்பர் 8, 9 தேதிகளில் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றது. அதில் 4 காவலர்கள் இறந்தார்கள். 1924 பிப்ரவரி 26ஆம் தேதி தொடங்கிய வழக்கை விசாரித்தவர், ஆர்கோவுக்குத் தீர்ப்பு எழுதிய அதே நைத்ஹார்ட். குற்றவாளிக் கூண்டை மேடையாக்கிக்கொண்ட ஹிட்லரை அவர் மணிக்கணக்கில் பேசவிட்டார். நாளிதழ்கள் அந்தப் பேச்சுகளை அச்சிட்டன. பவேரியாவுக்கு வெளியே அதிகம் அறியப்படாத ஒரு பேச்சாளர் ஐந்தே வாரங்களில் ஜெர்மனி முழுதும் அறிந்த பெயரானார். ஏப்ரல் 1ஆம் தேதி தீர்ப்பு: 5 ஆண்டு கோட்டைக் காவல், விரைவில் நன்னடத்தை விடுதலைக்கு வாய்ப்பு. அன்றைய சட்டப்படி, நாட்டுக்கு எதிராகச் சதி செய்த வெளிநாட்டவரை நாடு கடத்த வேண்டும். ஹிட்லர் அப்போது ஆஸ்திரியக் குடிமகன். அந்தச் சட்டம் இவருக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது.

சிறை ஆவணங்கள் 2010ஆம் ஆண்டில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றின்படி ஹிட்லரைக் காண வந்தவர்கள் 300க்கும் மேல். அரசியல்வாதிகள், தொழிலதிபர்கள், செல்வச் சீமாட்டிகள் என்று எல்லாரும் அதில் உண்டு. ஏப்ரல் 20ஆம் தேதி அவருடைய 35ஆவது பிறந்தநாளுக்குப் பொட்டலங்களும் பூங்கொத்துகளும் குவிந்தன. பார்க்கப் போன நண்பர் ஹான்ஃப்ஷ்டெங்கல், அங்கிருந்தவற்றை வைத்துப் பூக்கடையும் பழக்கடையும் மதுக்கடையும் சேர்த்தே திறக்கலாம் என்று பிற்காலத்தில் சொன்னார். சிறை மேலதிகாரி ஓட்டோ லைபோல்ட் செப்டம்பரில் எழுதிய அறிக்கையில், கைதி அடக்கமானவர், ஒழுக்கமானவர் என்று நற்சான்று தந்தார். அரசு வழக்கறிஞர் தரப்பு விடுதலையை எதிர்த்தது. பயனில்லை. 1924 டிசம்பர் 20ஆம் தேதி ஹிட்லர் வெளியே வந்து, சிறைக்கு அருகே ஒரு காரின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அந்த 4 காவலர்களின் குடும்பங்களுக்கு யார் பூங்கொத்து அனுப்பினார்கள்? மாண்ட நாஜிகள் 16 பேருக்கு 1935ல் மியூனிக் நடுவே தூண்கள் நிறுத்திய மண்டபங்கள் கட்டப்பட்டன. சட்டத்தைக் காக்கப் போய் உயிரிழந்த காவலர்களுக்கு அந்த இடத்தில் நினைவுப் பலகை வைக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சிறை அனுதாபம் உடனே வாக்குகளாக மாறிவிடவில்லை. 1924 மே தேர்தலில் இந்த அணி 6.5 விழுக்காடு பெற்றது. டிசம்பரில் அது 3 விழுக்காடாகச் சரிந்தது. சிறை அந்த இயக்கத்துக்குத் தந்தது வாக்கு அல்ல, ஒரு கதை. தோற்றுப்போன ஒரு கலவரக்காரர், நாட்டுக்காகத் துன்பம் ஏற்றவராக மாறிய கதை. அந்தக் கதையை அவர்கள் பிறகு எத்தனையோ முறை செலவு செய்தார்கள்.

கணக்கெடுத்த ஒரு பேராசிரியர்

அந்தக் காலத்தில் எமில் கும்பெல் என்று ஒரு கணித அறிஞர் ஹைடெல்பெர்க்கில் இருந்தார். வெள்ளப் பெருக்கின் அளவைக் கணிக்கும் பொறியாளர்களுக்கு அவருடைய பெயர் இன்றும் தெரியும். அதற்கான சூத்திரங்களில் ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. அவர் வேறு ஒரு கணக்கும் போட்டார். 1922ல் வெளிவந்த நூலில், முந்தைய 4 ஆண்டுகளில் நடந்த அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். வலதுசாரிகள் செய்த கொலைகள் 354. அவற்றில் 326க்குத் தண்டனையே இல்லை. இடதுசாரிகள் செய்தவை 22. அவற்றில் தண்டனை இல்லாமல் போனவை 4 மட்டும். இடதுசாரிகளில் 10 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வலதுசாரிகளில் ஒருவருக்குக்கூட இல்லை. இந்தக் கணக்கைப் பொய் என்று யாராலும் காட்ட முடியவில்லை. ஆனால் பலன் என்ன? மாணவர்கள் அவருடைய வகுப்புகளில் கலகம் செய்தார்கள். 1932ல் பல்கலைக்கழகம் அவருடைய கற்பிக்கும் உரிமையைப் பறித்தது. அவர் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டுகளில் பெயர் பெற்ற அரசியல்வாதிகளும் கொல்லப்பட்டார்கள். போரை முடிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட எர்ஸ்பெர்கர், 1921 ஆகஸ்ட்டில் கருங்காட்டு மலையில் நடந்து போனபோது சுடப்பட்டார். வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தனாவ், 1922 ஜூன் 24ஆம் தேதி பெர்லினில் காரில் போனபோது கொல்லப்பட்டார். கொலையாளிகளின் காரை ஓட்டியவருக்கு 15 ஆண்டு தண்டனை கிடைத்தது. ஆனால் 1930லேயே அவர் வெளியே வந்துவிட்டார். ரூர் பகுதியில் ரயில் பாதையைத் தகர்த்ததற்காக 1923ல் பிரெஞ்சு ராணுவம் சுட்டுக் கொன்ற ஷ்லாகெட்டர் என்பவருக்கு 1931ல் டியூசல்டார்ஃப் அருகே பெரிய சிலுவைச் சின்னம் எழுப்பப்பட்டது.

ரகசியப் படைகளுக்குள் ‘துரோகி’ என்று சந்தேகிக்கப்பட்டவர்களைத் தீர்த்துக்கட்டிய கொலைகளும் இருந்தன. அவற்றுக்குத் தண்டனை பெற்றவர்களை விடுவிக்கச் சொல்லி வலதுசாரிப் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் எழுதின. நாடாளுமன்றம் 1930 அக்டோபரில் பொதுமன்னிப்பை அவர்களுக்கும் நீட்டியது. இடதுசாரிகளுக்கும் தங்கள் கைதிகளுக்கு உதவ ‘செந்நிற உதவி’ என்ற அமைப்பு 1924 முதல் இருந்தது. கைதியின் மனைவிக்குப் பணம் அனுப்புவதும், வழக்கறிஞர் வைத்துத் தருவதும் குற்றமல்ல. கைதி என்ன செய்தார் என்பதை மறைத்துவிட்டு அவரை வணங்கச் சொல்லும்போதுதான் வேறு ஒன்று தொடங்குகிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பொடெம்பா காட்டியது.

பொடெம்பா

மேல் சைலீசியாவில் ஒரு சிற்றூர் பொடெம்பா. இன்று அது போலந்தில் இருக்கிறது. 1932 ஆகஸ்ட் 9ஆம் தேதி நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி நேரம் இருக்கும். மதுக்கடையில் குடித்துவிட்டுக் கிளம்பிய நாஜிப் படையினர் சிலர் ஒரு வீட்டுக்குள் புகுந்தார்கள். உள்ளே கொன்ராட் பியெட்சுக் என்ற வேலையில்லாத் தொழிலாளி, தாயோடும் சகோதரரோடும் தூங்கிக்கொண்டிருந்தார். கம்யூனிஸ்டு அனுதாபி, போலந்து வழி வந்தவர். படுக்கையிலிருந்து இழுத்துப் போட்டு, பெற்ற தாயின் கண்ணெதிரே, மிதித்தே கொன்றார்கள்.

அரசியல் கொலைகளுக்கு மரண தண்டனை என்று பாப்பன் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்திருந்தது. அன்று நள்ளிரவில்தான் அது நடப்புக்கு வந்தது. கொலை நடந்தது அதற்குப் பின்பு. பாய்தன் நகரச் சிறப்பு நீதிமன்றம் ஆகஸ்ட் 22ஆம் தேதி 5 பேருக்கு மரண தண்டனை விதித்தது.

தீர்ப்பு வாசித்ததும் நீதிமன்றத்திலேயே எழுந்து ஆவேசமாகக் கத்தியவர் எட்மண்ட் ஹைனஸ். சைலீசியா நாஜிப் படையின் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய பழைய வரலாற்றையும் பார்க்க வேண்டும். ரகசியப் படையில் இருந்தபோது செய்த கொலைக்காக 1928ல் தண்டனை பெற்றவர் அவர். மேல்விசாரணையில் தண்டனை குறைந்தது, சீக்கிரமே வெளியே வந்தார், 1930ல் உறுப்பினரானார். அன்று விடுவிக்கப்பட்ட கொலைகாரர், இன்று கொலைகாரர்களுக்காக வழக்காட வந்து நின்றார். வெளியே கூட்டம் யூதர்களின் கடைக் கண்ணாடிகளை உடைத்தது.

ஹிட்லர் என்ன செய்தார்? ஆட்சிப் பொறுப்பைக் கேட்டு, ஆகஸ்ட் 13ஆம் தேதிதான் அதிபர் ஹிண்டன்பர்க்கைச் சந்தித்துத் திரும்பியிருந்தார். நாட்டின் பெரிய கட்சி அவருடையது. ஒரு கொலையைக் கண்டிப்பது எளிது, ஆதாயமும்கூட. ஆனால் அவர் சிறைக்குத் தந்தி அனுப்பினார். அந்த ஐவரைத் தோழர்கள் என்று அழைத்தார். அவர்களுடைய விடுதலை தம் கட்சியின் மானப் பிரச்சினை என்றார், இப்படித் தீர்ப்பளிக்கவிட்ட அரசை எதிர்ப்பது கடமை என்றார். கொல்லப்பட்டவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோரிங் கைதிகளின் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பினார். படைத் தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் நேரிலேயே சிறைக்குப் போய்ப் பார்த்தார்.

கட்சியின் நாளிதழில் ரோசன்பெர்க் எழுதிய கட்டுரைதான் எல்லாவற்றிலும் வெளிப்படையானது. சட்டத்தின் முன் எல்லா மனிதரும் ஒரே எடை என்ற கொள்கையே தவறு என்று அவர் வாதிட்டார். செத்தவர் போலந்துக்காரர், கம்யூனிஸ்டு. அப்படிப்பட்ட ஒருவருக்காக ஜெர்மானியர் ஐந்து பேரா என்பது அவர் கேள்வி. கொலைகாரர் குற்றமற்றவர் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செத்தவர் ஓர் உயிரே அல்ல என்றார்கள்.

பாப்பன் அரசு செப்டம்பர் 2ஆம் தேதி தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. சட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு நடப்புக்கு வந்தது குற்றவாளிகளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பது காரணம். சட்டப்படி அது முற்றிலும் பொருளற்ற காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நாடு அதை அப்படிப் படிக்கவில்லை. மிரட்டினால் அரசு வளையும் என்றே படித்தது. நடுத்தர மக்களில் ஒரு பகுதியினர் இந்தத் தந்தியைக் கண்டு முகம் சுளித்ததும் உண்மை. நவம்பர் 6 தேர்தலில் நாஜிகள் ஏறக்குறைய 20 லட்சம் வாக்குகளை இழந்தார்கள், 230 இடங்கள் 196 ஆயின. அதற்குப் பல காரணங்கள். பொடெம்பாவும் அவற்றில் ஒன்று என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அந்த முகச்சுளிப்பு இன்னும் சில மாதம் நீடித்திருந்தால் என்று எண்ணத் தோன்றுகிறது. நீடிக்கவில்லை.

1933 மார்ச் 21ஆம் தேதி, ஆட்சியில் அமர்ந்த ஹிட்லர் அரசு ஒரு பொதுமன்னிப்பு ஆணையைக் கொண்டுவந்தது. தேசிய எழுச்சிக்கான போராட்டத்தில் செய்த குற்றங்கள் அனைத்துக்கும் விடுதலை. பொடெம்பாவின் ஐவரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள், மார்ச் 22ஆம் தேதி, டாக்காவ் முகாம் திறக்கப்பட்டது.

எர்ஸ்பெர்கரைச் சுட்டுவிட்டு ஹங்கேரிக்கு ஓடியவர்களும் இந்த ஆணையால் நிம்மதியாகத் திரும்பினார்கள். அதன் நிழல் எவ்வளவு நீண்டது என்றால், 1946ல், ஹிட்லர் இறந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு, அவர்களில் ஒருவரான டில்லெசன் மீது தென்மேற்கு ஜெர்மனியில் வழக்கு நடந்தபோது, ஜெர்மானிய நீதிபதிகள் அவரை விடுதலை செய்தார்கள். காரணம், 1933 பொதுமன்னிப்பு இன்னும் செல்லும் என்றார்கள்! பிரெஞ்சு அதிகாரிகள் தலையிட்டு அந்தத் தீர்ப்பை நீக்கிய பிறகே 1947ல் வேறு நீதிமன்றம் 15 ஆண்டு விதித்தது. அவரும் 1952ல் வெளியே வந்துவிட்டார்.

சொல்லை மாற்றினால் போதும்

இப்போது மீண்டும் லாண்ட்ஸ்பெர்க். 1945க்குப் பின் அமெரிக்கர்கள் அதே சிறையைப் போர்க்குற்றவாளிகளுக்காக எடுத்துக்கொண்டார்கள். நூரம்பெர்க்கிலும் டாக்காவிலும் தண்டனை பெற்றவர்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள், பலர் தூக்கிலிடப்பட்டார்கள். படுகொலைப் பிரிவுகளின் தலைவர்கள் மீதான வழக்கில் மட்டும் 1948 ஏப்ரலில் 14 பேருக்கு மரண தண்டனை. வாதாடிய அரசுத் தரப்பின் தலைவர் பெஞ்சமின் ஃபெரென்ஸுக்கு வழக்கு தொடங்கியபோது வயது 27. அவர் பெரும்பாலும் சாட்சிகளை நம்பவில்லை. கொலைகாரர்களே பெர்லினுக்கு அனுப்பிய அறிக்கைகளைத்தான் மேசையில் வைத்தார். நாள், இடம், எண்ணிக்கை எல்லாம் அவர்கள் கையாலேயே எழுதப்பட்டிருந்தது.

இப்படிப்பட்ட ஆதாரத்தை மறுப்பது கடினம். ஆகவே ஆதரவாளர்கள் அதை மறுக்கவில்லை, அதைப் பேசாமல் விட்டார்கள். பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். ‘போர்க்குற்றவாளி’ என்ற சொல் மெல்ல மறைந்து ‘போர்த் தண்டனை பெற்றவர்’ என்ற சொல் வந்தது. குற்றம் போய்விட்டது, தண்டனை மட்டும் நின்றது. வெற்றி பெற்றவர்களின் நீதி என்றார்கள். 84 அமெரிக்கக் கைதிகள் கொல்லப்பட்ட மல்மெடி வழக்கில் விசாரணையின்போது சித்திரவதை நடந்ததாகப் புகார் எழுந்தது. அதை வழக்கறிஞர் ருடோல்ஃப் ஆஷனாவர் போன்றவர்கள் எல்லாக் கைதிகளுக்கும் பொதுவான கேடயமாக்கினார்கள். அமெரிக்க செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தியே 1949ல் அந்தப் புகாருக்குக் குரல் கொடுத்தார். அந்த வழக்கின் 43 மரண தண்டனைகளில் ஒன்றுகூட நிறைவேறவில்லை.

சிறைக்கைதிகளுக்காக உருகி உருகி எழுதியவர்களில் முதன்மையானவர் ஐசன்பெர்க் இளவரசி ஹெலன் எலிசபெத். ‘லாண்ட்ஸ்பெர்க்கின் தாய்’ என்றே அவரை அழைத்தார்கள். கைதிகளின் மனைவியர், பிள்ளைகள், கிறிஸ்துமஸ் நாளில் காலியாக இருக்கும் நாற்காலி ஆகியவையே அந்தப் பிரசாரத்தின் படங்கள். பிள்ளைகளின் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் பாபி யார் பள்ளத்தாக்கில் அழுவதற்குக்கூடப் பிள்ளைகள் மிஞ்சவில்லை என்பதை அந்தத் துண்டறிக்கைகள் எங்கும் சொல்லவில்லை.

இவர்களோடு நின்றவர்களில் இருவரை எளிதாகக் குறை சொல்லிக் கடந்துவிட முடியாது. ஒருவர் புரொட்டஸ்டண்ட் ஆயர் தியோஃபில் வூர்ம். ஹிட்லர் காலத்திலேயே, மனநோயாளிகளைக் கொல்வதை எதிர்த்து 1940ல் அரசுக்குக் கடிதம் எழுதியவர். மற்றவர் கத்தோலிக்கத் துணை ஆயர் யோஹானஸ் நோய்ஹாய்ஸ்லர். 1941 முதல் 1945 வரை அவரே டாக்காவ் முகாமில் கைதி! முகாமில் வாடிய ஒருவர், முகாம் நடத்தியவர்களுக்காக ஏன் மன்றாடினார்? மரண தண்டனையை எதிர்ப்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. 1949ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் மேற்கு ஜெர்மனி மரண தண்டனையை நீக்கிவிட்டது. அப்படியிருக்க அந்த மண்ணில் அந்நிய ராணுவம் தூக்கிலிடுவது சரியா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. பகைவருக்கும் இரங்கு என்பது அவர்கள் சமயம் சொல்வது. தூக்கு வேண்டாம் என்று அவர்கள் நின்றிருந்தால் வரலாறு அவர்களை மதித்திருக்கும். ஆனால் விடுதலை வேண்டும், வழக்கே தவறு என்ற இடம் வரை அவர்களும் போனார்கள். பழுத்த நாஜிகளுக்கு அவர்களுடைய நல்ல பெயர்தான் தேவைப்பட்டது. அது கிடைத்தது.

அரசியலும் உதவிக்கு வந்தது. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. ஜெர்மானியப் படை மீண்டும் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. முன்னாள் தளபதிகள் அக்டோபரில் ஹிம்மெரோட் மடத்தில் கூடி எழுதிய அறிக்கையில், தண்டிக்கப்பட்ட தங்கள் சகாக்களை விடுவிப்பதும் ஒரு நிபந்தனை. அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்கிளாய்க்கு மனுக்கள் மழையாகக் கொட்டின. அவருக்கும் குடும்பத்துக்கும் கொலை மிரட்டலும் வந்தது. 1951 ஜனவரி 31ஆம் தேதி, தம் முன் இருந்த 15 மரண தண்டனைகளில் 10ஐக் குறைத்தார். தொழிலதிபர் கிருப் விடுதலையானார், சொத்தும் திரும்பக் கிடைத்தது. மிஞ்சிய 5 பேரும், ராணுவ நீதிமன்ற வழக்குகளில் தண்டனை பெற்ற இன்னும் 2 பேரும் ஜூன் 7ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்கள். ஓலண்டார்ஃப், புளோபெல், போல் ஆகியோர் அவர்களில் அடக்கம். படுகொலைப் பிரிவு வழக்கின் 14 மரண தண்டனைகளில் நிறைவேறியவை 4. மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். 1958 மே மாதத்தோடு சிறை காலியானது.

மௌன உதவி

சிறை காலியாவதற்கு முன்பே, 1951ன் பிற்பகுதியில், ஐசன்பெர்க் இளவரசி தலைமையில் ‘மௌன உதவி’ என்ற சங்கம் முறைப்படி பதிவானது. வூர்ம், நோய்ஹாய்ஸ்லர் பெயர்களும் நிர்வாகத்தில் இருந்தன. பெயருக்கேற்ப அது மௌனமாகவே நீடித்தது. ஹிம்லரின் மகள் குட்ருன் பர்விட்ஸ் 2018ல் இறக்கும்வரை அதன் அடையாளமாக இருந்தார். தெரேசியன்ஷ்டாட் சிறையில் காவலராக இருந்து கைதிகளைக் கொடுமை செய்த ஆன்டன் மல்லோட் என்பவருக்கு, மியூனிக் அருகே வசதியான முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துத் தந்ததும் இவர்தான். அங்கே பல ஆண்டு அமைதியாக வாழ்ந்த மல்லோட்டுக்கு 2001ல்தான் ஆயுள் தண்டனை கிடைத்தது. இந்தச் சங்கத்துக்கு 1999 வரை அறநிறுவனம் என்ற வரிச் சலுகை இருந்தது என்பது வியப்பாக இருக்கிறது.

புதிய தலைமுறைக்கு 1979ல் இன்னோர் அமைப்பு பிறந்தது. ‘தேசிய அரசியல் கைதிகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்குமான உதவி அமைப்பு’ என்று பெயர். இந்தக் ‘கைதிகள்’ தீ வைத்தவர்கள், அடித்துக் கொன்றவர்கள். மாத இதழில் கைதிகளின் பட்டியல் வரும். வெளியில் இருப்பவர்கள் கடிதம் எழுத வேண்டும். பதினெட்டு, இருபது வயதில் சிறைக்கு வந்த இளைஞரை வீட்டார் கைவிட்டிருப்பார்கள், நண்பர்கள் மறந்திருப்பார்கள். முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து அன்பான கடிதம் வரும். செய்ததை நினைத்து வருந்த வேண்டிய நேரத்தில், நீ வீரன் என்று அது சொல்லும். தனிமையின் பலவீனத்தை இவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். சுமார் 600 உறுப்பினர்களோடு இருந்த அந்த அமைப்பை உள்துறை அமைச்சு 2011 செப்டம்பரில் தடை செய்தது. கைதிகள் திருந்தி வாழ்வதற்கு இது தடையாக இருக்கிறது, வன்முறை இயக்கத்தோடு அவர்களைக் கட்டிப்போடுகிறது என்பது அமைச்சு சொன்ன காரணம். அடுத்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தது. எதிர்த்திசையில் இழுக்க 2000ல் ஒரு முன்னாள் காவல்துறை அதிகாரியும் ஒரு முன்னாள் நாஜி இளைஞரும் சேர்ந்து ‘எக்சிட்’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். விலகிவர விரும்புபவருக்கு வழி காட்டுவது அதன் வேலை.

தடையோடு பழக்கம் போய்விடவில்லை. 2000க்கும் 2007க்கும் இடையில் ஒரு நாஜிக் கும்பல் ஜெர்மனியின் பல நகரங்களில் 10 பேரைச் சுட்டுக் கொன்றது. 8 பேர் துருக்கிய வம்சாவளியினர், ஒருவர் கிரேக்கர், ஒருவர் காவல்துறைப் பெண் அதிகாரி. உண்மை வெளிவந்தது 2011 நவம்பரில். அதுவரை காவல்துறை செத்தவர்களின் குடும்பங்களையே சந்தேகித்துத் துருவியது. கும்பலுக்குத் துப்பாக்கி கிடைக்க உதவியதாகக் கைதானவருக்கு விடுதலை கேட்டு வலதுசாரி இசை நிகழ்ச்சிகளில் முழக்கம் எழுந்தது, டி-சட்டைகள் விற்றன.

மியூனிக்கில் 2013 மே மாதம் தொடங்கிய வழக்கின் தீர்ப்பு 2018 ஜூலை 11ஆம் தேதி வந்தது. குற்றவாளிகளில் ஒருவருக்கு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இரண்டரை ஆண்டு என்றும், அன்றே அவரை வெளியே விடலாம் என்றும் நீதிபதி அறிவித்தபோது, பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்த நாஜிகள் கை தட்டினார்கள். கொல்லப்பட்டவர்களின் பெற்றோரும் மனைவியரும் பிள்ளைகளும் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பத்துப் பேரில் முதலில் உயிரிழந்தவர் என்வர் சிம்ஷெக். பூ வியாபாரி. 2000 செப்டம்பர் 9ஆம் தேதி நூரம்பெர்க்கில் சாலையோரம் பூ விற்ற இடத்திலேயே சுடப்பட்டார். கும்பல் ஒளிந்திருந்த ஸ்விக்காவ் நகரில் 2019ல் அவர் நினைவாக ஒரு கருவாலி மரக்கன்று நட்டார்கள். அக்டோபர் தொடக்கத்தில் யாரோ இரவோடு இரவாக அதை அறுத்துச் சாய்த்தார்கள். நவம்பரில் நகர மக்கள் பத்துப் பேருக்குமாகப் பத்து மரங்களை நட்டார்கள்.